மின்மினிகள் ஏன் விட்டு விட்டு மினுக்குகின்றன, எல்லாம் ஒரே வகையா?

கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. மின்மினி ஈயா, வண்டா? எத்தனை வகை? சில விட்டு விட்டு மினுக்க, சில தொடர்ந்து ஒளிர்வது ஏன்? ஆனைமலையில் காடே ஒன்றாக மினுக்கியது என்கிறார்களே, உண்மையா? ஜப்பானியர்கள் இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? நாலைந்தைப் பிடித்து வந்து தோட்டத்தில் விட்டால் பெருகுமா? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது. மின்மினிக்கு வெளிச்சத்தைவிட வெளிச்சத்தின் தாளம் முக்கியம். எத்தனை நொடிக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், எந்த வடிவில் என்பதில்தான் அதன் இனமும் இணையும், சில சமயம் சாவும்கூட இருக்கிறது.

முதலில் வகைப்பாடு. மின்மினி ஈ அல்ல, வண்டு. கோலியாப்டெரா என்ற வண்டு வரிசையில் லாம்பிரிடே என்ற குடும்பம். பெயரிடப்பட்ட இனங்கள் 2,000க்கும் மேல். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. மற்ற வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலிறக்கை கெட்டித்துப்போய் இருக்கும். மின்மினிக்கு அது மெத்தென்று வளைந்து கொடுக்கும். ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, சில நிமிடம் அடிவயிற்றைப் பாருங்கள். கடைசிக் கணுக்கள் பகலிலும் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ தெரியும். விளக்கு அங்கேதான் இருக்கிறது. நம் பக்கம் பறந்து மினுக்கும் இனங்களில் ஆணுக்கு இரண்டு கணுக்களில் விளக்கு, பெண்ணுக்கு ஒன்றில் மட்டும். ஆணின் கண்களைப் பாருங்கள், தலையையே அடைத்துக்கொண்டு நிற்கும். இருட்டில் புல்லுக்குள் எங்கேயோ தெரியும் சின்னப் பதிலைத் தேடிப்போக வேண்டியது ஆண்தான்.

குடும்பத்துக்குள் பல உட்குடும்பங்கள் உண்டு. உங்கள் கேள்விக்கு மூன்று போதும். ஆசியாவிலும் ஆஸ்திரேலியப் பக்கத்திலும் பறந்து மினுக்குபவை பெரும்பாலும் லூசியோலினே. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இருப்பது போட்டூரினே. மூன்றாவது லாம்பிரினே. இது உலகம் முழுக்கப் பரவிய பெரிய கூட்டம். அமெரிக்கத் தோட்டங்களில் பறக்கும் போட்டினஸும் இதில்தான், ஐரோப்பாவில் இறக்கையே இல்லாமல் புல்லில் உட்கார்ந்தபடி விடாமல் ஒளிரும் பெண் வண்டும் இதில்தான். விட்டு விட்டு மினுக்கும் பழக்கம் ஒரே மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வந்த சொத்து அல்ல. வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக முளைத்திருக்கிறது. வளர்ந்த பிறகு ஒளியே இல்லாமல் பகலில் திரியும் மின்மினி இனங்களும் உண்டு. அவை வாசனையை வைத்து இணை தேடுகின்றன.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் லாம்பிரிகெரா என்ற பெரிய மின்மினி இருக்கிறது. அதன் பெண்ணுக்கு இறக்கை கிடையாது, பார்த்தால் தடித்த புழு என்றே நினைப்போம். மழைக்காலத்தில் ஈரத்தரையில் பச்சையாக, அசையாமல் எரியும் ஒளியைப் பார்த்தால் அது இதுவாக இருக்கலாம். இதன் புழு, தோட்டங்களை மொட்டையடிக்கும் ராட்சத ஆப்பிரிக்க நத்தையையே தின்னக்கூடியது. நத்தையைக் கடித்து, செயலிழக்கவைக்கும் திரவத்தை ஏற்றி, சதையைக் கரைத்து உறிஞ்சும். நமக்குத் தெரிந்த அந்த அழகான பூச்சி, வாழ்க்கையின் பெரும்பகுதியை இப்படி வேட்டையாடும் புழுவாகத்தான் கழிக்கிறது. பறக்கும் பருவம் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். அந்த நாட்களில் பல இனங்கள் எதுவுமே தின்பதில்லை, பனித்துளி நீரோடு சரி.

வளர்ந்த வண்டுகளில் ஒளிராதவை உண்டு என்றேன். ஆனால் இதுவரை தெரிந்த மின்மினிப் புழுக்கள் அத்தனையும் ஒளிர்கின்றன. புழுவுக்குக் காதல் ஏது? அதன் ஒளி ஓர் எச்சரிக்கை: ‘நான் கசப்பேன், தொடாதே.’ பல மின்மினிகளின் உடலில் லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இருக்கிறது. தேரைகளின் தோலில் இருக்கும் நஞ்சுக்கு அது உறவு. அமெரிக்காவில், செல்லமாக வளர்த்த ஆஸ்திரேலிய ஓணான்கள் ஒரே ஒரு மின்மினியைத் தின்று செத்துப்போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆக, ஒளி முதலில் மிரட்டலாகத் தொடங்கி, பிறகுதான் வளர்ந்த வண்டுகளிடம் காதல் பேச்சாக மாறியது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஒளி எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூசிபெரின் என்ற பொருள், லூசிபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி வருகிறது. இந்த இரண்டு பெயர்களையும் வைத்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் ராஃபேல் துபுவா, 1880களில். உயிரணுக்களின் எரிபொருளான ஏடிபி இல்லாமல் இது நடக்காது என்று 1947ல் காட்டியவர் வில்லியம் மெக்கல்ராய். ஆய்வுக்கு ஏராளமான மின்மினிகள் தேவைப்பட, அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பிள்ளைகளுக்கு 100 பூச்சிக்கு 25 சென்ட் கொடுத்து வாங்கினார். இன்றைக்கு உணவுத் தொழிற்சாலைகளில் கிருமி இருக்கிறதா என்று நொடியில் பார்க்கும் சோதனை, இந்த நொதியை வைத்துத்தான். வெளிச்சத்தைப் ‘போட்டு அணைப்பது’ ஆக்சிஜன் விநியோகம். நரம்பு உத்தரவு கொடுத்ததும் நைட்ரிக் ஆக்சைடு வெளியாகி, வழியில் ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களை, அதாவது உயிரணுக்களின் ஆற்றல் கூடங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது. மிஞ்சிய ஆக்சிஜன் விளக்கைச் சேர்கிறது, மினுக்கல் பிறக்கிறது. 2001ல் வந்த ஆய்வு இது.

இனி தாளம். நன்றாக ஆராயப்பட்டது அமெரிக்காவின் போட்டினஸ் பைராலிஸ். ஆண், அந்தி மயங்கும்போது தரையை ஒட்டிப் பறந்து, சுமார் 6 நொடிக்கு ஒருமுறை ஒளியால் ஒரு கொக்கி போடும்: கொஞ்சம் இறங்கி, வளைந்து மேலே எழும்பும். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் உடனே பதில் சொல்லாது. சுமார் 2 நொடி காத்திருந்து ஒரே ஒரு மினுக்கு. அந்த 2 நொடி தாமதம்தான் முகவரி. ஒரு நொடியில் பதில் வந்தால் அது வேறு இனத்துப் பெண், ஆண் திரும்பிக்கூடப் பார்க்காது. நீங்களே சின்ன டார்ச்சைத் தரையருகில் வைத்து, ஆண் மினுக்கி 2 நொடி கழித்து ஒரு கணம் அடித்தால், அது உங்கள் கையை நோக்கி வரும். ஒன்றுபோலவே தோன்றும் இனங்களை அவற்றின் மினுக்கல் தாளத்தை வைத்துப் பிரித்துக் காட்டியவர் ஃபுளோரிடாவின் பூச்சியியலாளர் ஜேம்ஸ் லாயிட். செத்த பூச்சியை ஊசியில் குத்திவைத்து வகைப்படுத்துபவருக்குப் புலப்படாத வேறுபாடு, வயலில் கடிகாரத்தோடு நின்றவருக்குப் புலப்பட்டது.

இந்த மொழியில் பொய்யும் உண்டு. முன்பு சொன்ன போட்டூரினே கூட்டத்தில் போட்டூரிஸ் என்ற மின்மினி உண்டு. அதன் பெண், தன் இனத்து ஆணோடு கூடி முடித்த பிறகு, போட்டினஸ் பெண் பதில் சொல்வது மாதிரியே பதில் சொல்லத் தொடங்கும். வேறு வேறு இனங்களுக்கு ஏற்றபடி தாமதத்தை மாற்றவும் தெரியும். ஆசையோடு இறங்கி வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். பசிக்காக மட்டும் இல்லை. போட்டூரிஸால் லூசிபுஃபாஜின் நஞ்சை வேண்டிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது; தின்ற ஆணிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு சிலந்தி அதைத் தொடுவதில்லை. 1997ல் தாமஸ் ஐஸ்னர் குழு இதை உறுதிசெய்தது. மின்மினி பற்றி நான் படித்தவற்றில் என்னை இன்றும் விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரு செய்திதான்.

அப்புறம், ஒன்றாக மினுக்குவது. 1690ல் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போன ஜெர்மன் மருத்துவர் எங்கெல்பர்ட் கெம்ப்ஃபர், ஆற்றங்கரை மரத்தில் உட்கார்ந்த பூச்சிகள் எல்லாம் சேர்ந்து ஒளியை மறைத்து, சேர்ந்தே காட்டுவதை எழுதிவைத்தார். மேலை நாட்டு அறிஞர்கள் பலர் நம்பவில்லை. 1917ல் ஒருவர் அறிவியல் இதழுக்கே கடிதம் எழுதினார்: பூச்சிகள் சேர்ந்து மினுக்கவில்லை, என் இமைதான் துடித்திருக்கிறது என்று. 1960களின் நடுவில் அமெரிக்க உயிரியலாளர் ஜான் பக்கும் அவர் மனைவி எலிசபெத்தும் தாய்லாந்துக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் பிடித்த பூச்சிகளைப் பாங்காக் ஹோட்டல் அறையில் இருட்டில் திறந்துவிட்டார்கள். சுவரிலும் கூரையிலும் போய் ஒட்டியவை முதலில் தாறுமாறாக மினுக்கின. பிறகு இரண்டு மூன்று சேர்ந்தன, பிறகு இன்னும் சில. தலைவன் யாரும் இல்லை. ஒவ்வொரு பூச்சியும் பக்கத்துப் பூச்சியைப் பார்த்துத் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இதே தத்துவத்தில்தான் இதயத்தின் துடிப்புச் செல்கள் ஒத்துப்போகின்றன. 1990ல் மிரொல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் அதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார்கள்.

மலேசியத் தமிழர்களுக்குக் கோலசிலாங்கூர் தெரிந்திருக்கும். அங்கே கம்போங் குவாந்தான் என்ற ஊரில் துடுப்புப் படகில் போனால், ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் டெரோப்டிக்ஸ் மின்மினிகள் நொடிக்குச் சுமார் 3 முறை சேர்ந்து துடிக்கும். அவை வாழ்நாள் முழுக்க அந்த மரத்தில் இருப்பதில்லை. புழுப் பருவம் கரைச்சேற்றில், அங்குள்ள சின்ன நத்தைகளைத் தின்று கழிகிறது. மரத்தை விட்டுவைத்துக் கரையை வெட்டினாலும் கதை முடிந்தது.

எதற்கு இந்த ஒற்றுமை? அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலையில் போட்டினஸ் கரோலினஸ் என்ற இனம் 5 முதல் 8 முறை அடுத்தடுத்து மினுக்கிவிட்டு, எல்லாம் சேர்ந்து சில நொடிகள் இருட்டாகிவிடும். 2010ல் மொய்செஃப், கோப்லண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எல்.இ.டி. விளக்குகளைப் பல ஆண்களாக நடிக்கவைத்தார்கள். விளக்குகள் ஒன்றாக மினுக்கியபோது பெண்கள் 80 சதவீதத்துக்கு மேல் பதில் கொடுத்தன. தாறுமாறாக மினுக்கியபோது 10 சதவீதம்கூடத் தேறவில்லை. ஆளாளுக்கு மினுக்கினால் பெண்ணுக்கு எது தன் இனத்துத் தாளம் என்றே பிடிபடாது. சேர்ந்து மினுக்கிச் சேர்ந்து நிறுத்தும்போது தாளமும் தெளிவாகிறது, பெண்ணின் பதிலுக்கு இருட்டும் கிடைக்கிறது.

ஆனைமலை விஷயமும் உண்மைதான். 2022 ஏப்ரலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒத்திசைந்து மினுக்கியது செய்தியானது. அப்ஸ்கோண்டிட்டா பேரினத்தைச் சேர்ந்தவை அவை. கோடை மழை தொட்டதும், ஏப்ரல் முதல் ஜூன் வரை அவற்றின் காலம். அங்கே பார்த்தால் காடு முழுக்க ஒரே கணத்தில் எரிந்து அணைவதில்லை. ஒரு மரத்தில் தொடங்கும் மினுக்கல் பக்கத்து மரத்துக்குத் தாவி, அலையாக ஓடும். அந்தப் பக்கத்துக் காடுகளில் ஸ்ரீராம் முரளி எடுத்த படம் 2023ல் ‘வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர்’ போட்டியில் முதுகெலும்பற்ற உயிரினங்கள் பிரிவில் பரிசு வென்றது. 19 நொடிப் படங்கள் 50ஐ ஒன்றாகச் சேர்த்த படம் அது. கண் ஒரு நேரத்தில் அத்தனை பச்சைப் புள்ளிகளைப் பார்க்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் நேரில் ஏமாற்றமாக இருக்கும். நேரில் கிடைப்பது அந்த அலைதான். எனக்கு அதுதான் பெரிது.

பண்பாட்டுப் பக்கம் வருவோம். அகநானூற்றின் 72ஆம் பாட்டு, எருமை வெளியனார் மகனார் கடலனார் பாடியது. மழை கொட்டும் நடு இரவு. ‘மின்மினி மொய்த்த முரவுவாய்ப் புற்றம்’, அதாவது வாய் உடைந்த புற்றில் மின்மினிகள் மொய்த்துக் கிடக்கின்றன. ஆண் கரடி பெரிய கையால் அதைத் தோண்டிக் கறையான் கூட்டை எடுக்கிறது. பூச்சிகள் சிதறிப் பறக்க, கரடி பொறி பறக்க இரும்படிக்கும் கொல்லனாகத் தெரிகிறது. பொருள் எல்லாம் தெரிந்தபின் இதை மறுபடி வாசித்தால், பாடியவர் மழை இரவில் ஈரப்புற்றருகே மின்மினியைப் பார்த்தவர் என்று அடித்துச் சொல்லலாம். மலை, மழை, ஈரமண், நடுநிசி, எல்லாம் பொருந்தி வருகிறது.

தூக்கணாங்குருவி களிமண்ணில் மின்மினியைப் பதித்துக் கூட்டுக்கு விளக்கேற்றுகிறது என்று பாட்டிமார் சொல்வது பலருக்கும் நினைவிருக்கும். கூட்டுக்குள் களிமண் உருண்டைகள் இருப்பது நிஜம். காற்றில் கூடு ஆடாமல் இருக்கப் பாரம் வைக்கிறது என்றே கருதப்படுகிறது. மின்மினி வைப்பது கதை, ஆனால் களிமண்ணைக் கவனித்தவர்கள் கட்டிய கதை.

ஜப்பானில் இந்தப் பூச்சிக்குக் கிடைத்த இடம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இசுமி ஷிகிபு என்ற பெண் கவிஞர், கிபுனே ஆலயத்து ஓடையில் மின்மினியைக் கண்டு, ஏக்கத்தில் என் உடலை விட்டு அலையப்போன உயிரோ இது என்று பாடினார். பிரிந்த உயிர் மின்மினியாகத் திரிகிறது என்ற எண்ணம் அங்கே ஆழமாக ஊறியது. 12ஆம் நூற்றாண்டில் கெஞ்சி, ஹெய்கெ என்ற இரு குலங்கள் மோதின. ஓடைகளில் இருக்கும் பெரிய மின்மினி கெஞ்சிபோத்தரு, வயல்களில் இருக்கும் சிறியது ஹெய்கெபோத்தரு. 1180ல் உஜியில் தோற்று உயிர்விட்ட, கெஞ்சி குலத்து மினமோட்டோ நோ யோரிமாசாவின் வீரர்களே அங்கு கூட்டமாகப் பறக்கும் மின்மினிகள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சீனாவிலிருந்து போன கதையும் உண்டு. விளக்கெண்ணெய்க்கு வழியில்லாத சே யின் என்ற மாணவன், மின்மினிகளைப் பையில் போட்டு அந்த ஒளியில் படித்து உயர்ந்தானாம். அந்த மின்மினி வெளிச்சத்தைச் சொல்லித் தொடங்கும் பாட்டு 1881ல் ஒரு ஸ்காட்லாந்து மெட்டில் ஜப்பானியப் பள்ளிப் புத்தகத்தில் வந்தது. பட்டமளிப்பு விழாக்களில் அதைப் பாடி அழுதவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதே மெட்டுதான் கடை மூடும் நேரத்தில் ஒலிக்கிறது.

இத்தனை அன்பும் அந்தப் பூச்சியைக் காப்பாற்றிவிடவில்லை. ஷிகா மாகாணத்து மொரியாமாவில் வியாபாரிகள் மின்மினிகளைப் பிடித்துப் பெருநகரங்களுக்கு அனுப்பினார்கள், விடுதித் தோட்டங்களில் விட்டு வேடிக்கை காட்ட. அந்த ஊரின் மின்மினிகள் 1924ல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பூச்சியே இல்லாமல் போனதால் 1960ல் அந்த அறிவிப்பு ரத்தானது. பிறகு ஓடைகளைச் சீர்செய்து, நத்தைகளை வளர்த்து, பல காலம் உழைத்து ஓரளவு மீட்டார்கள். கெஞ்சிபோத்தருவின் புழு ஓடைத் தண்ணீரில் கவானினா என்ற நத்தையைத் தின்று வளர்கிறது. வசந்தத்தில் மழை பெய்யும் ஓர் இரவில், ஒளிர்ந்தபடியே கரையேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. கரையைச் சிமென்ட் போட்டுப் பூசினால் ஏற முடியாது, ஏறினாலும் புதைய மண் கிடையாது.

இங்கேதான் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். பிடித்து வந்து விடாதீர்கள். மேற்கு ஜப்பானின் கெஞ்சிபோத்தரு சுமார் 2 நொடிக்கு ஒருமுறையும், கிழக்கில் இருப்பது சுமார் 4 நொடிக்கு ஒருமுறையும் மினுக்குகின்றன. ஒரே இனம், மரபணுவில் வேறான கிளைகள். சுற்றுலாவுக்காக மேற்கத்திய மின்மினிகளைக் கிழக்கில் கொண்டுபோய் விட்டார்கள். நாகானோ மாகாணத்தின் தட்சுனோவில் வந்தவை பெருகின, உள்ளூர்க் கூட்டம் ஒடுங்கியது. பார்க்கும் கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது. நிலத்துக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் தோட்டத்தில் நடக்கப்போவது அதைவிடச் சுலபம்: விட்ட வண்டுகள் சில நாளில் செத்துவிடும், ஏனென்றால் புழுவுக்கு வேண்டிய ஈரமும் இலைச்சருகும் நத்தையும் அங்கே இருக்காது. பிடித்த இடத்தில் அந்த வருஷத்து முட்டைகளும் குறைந்துபோகும்.

ஊரில் ஏற்கெனவே கொஞ்சம் மின்மினி இருந்தால் செய்ய வேலை இருக்கிறது. 2020ல் உலகெங்கும் உள்ள மின்மினி நிபுணர்களிடம் கேட்டபோது, வாழிடம் அழிவதையும் இரவு விளக்குகளையும் பூச்சிமருந்தையும் முதல் மூன்று ஆபத்துகளாகச் சொன்னார்கள். வாசலில் ஒரு எல்.இ.டி. விளக்கு எரிந்தாலே பெண்ணின் பதில் ஆணுக்குத் தெரியாமல் போகலாம். சீசனில் இருட்டிய முதல் இரண்டு மணி நேரம் அதை அணைத்து வையுங்கள். சருகைக் கூட்டி எரிக்காதீர்கள், நத்தைக்கு மருந்து போடாதீர்கள். பார்க்கப் போகும்போது செல்போன் விளக்கு வேண்டாம். வழிக்கு வெளிச்சம் தேவை என்றால் டார்ச்சில் சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு தரையை நோக்கிப் பிடியுங்கள். பெண்கள் தாழ்வாகப் புல்லில் உட்கார்ந்திருக்கும், அதனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு பூச்சியைக் கண்ணால் தொடர்ந்து, இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை நொடி என்று எண்ணி எழுதிவையுங்கள். பச்சையா மஞ்சளா, எவ்வளவு உயரத்தில் பறந்தது என்பதையும். அன்றைய வெப்பநிலையைச் சேர்த்து எழுத மறக்காதீர்கள். குளிர்ந்த இரவில் அதே இனம் மெதுவாக மினுக்கும், அது தெரியாமல் எண்ணினால் வேறு இனம் என்று நினைத்துவிடுவீர்கள்.